வண்டி பிடித்தவர்

"நாய்க்காக நடக்கப் போறாளாம், நாய்க்காக! அடுப்படியிலேர்ந்து ஹாலுக்கு வர்றதுக்குள்ள நாலு தடவை சுவத்தைப் பிடிக்கிறா. இவ ஊரைச் சுத்தி நடக்கப் போறாளாம்!"

சோபாக் கடை மேனேஜர் தன் அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஊரையே உட்கார வைத்துச் சம்பாதிக்கிறவருக்கு நடப்பது என்றாலே இளக்காரம். அதிலும் தெருநாய்க் காப்பகத்துக்கு உதவி திரட்ட, வயிற்றில் ஆபரேஷன் ஆகி இப்போதுதான் தேறி வரும் மனைவி நடக்கிறாள் என்றால் கேட்கவா வேண்டும்?

மனைவி குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். குனிந்தால் இன்னும் தையல் இழுத்தது.

"டாக்டர்தாங்க நடக்கச் சொன்னாரு," என்றாள்.

"நடக்கச் சொன்னாரு. நாய்ப்படம் போட்ட பனியனை மாட்டிக்கிட்டு நடக்கச் சொன்னாரா?"

"விடுடா, வாயில்லாப் பூச்சி, ஏதோ ஆசைப்படுறா," என்றாள் அக்கா. "ஆனா ஒண்ணும்மா, அன்னிக்கு என் தம்பி மட்டும் சட்டுப்புட்டுனு வண்டி பிடிக்கலைன்னா, நீ இன்னிக்கு ஷூ மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டே."

"டாக்டரே சொன்னாரேக்கா, இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா அவ்வளவுதான்னு," என்றார் மேனேஜர். வண்டி பிடித்த கதையை அவர் கடைக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது. சோபா பார்க்க வந்த ஓர் அம்மாள் அதைக் கேட்டுக் கண்கலங்கி, கட்டிலும் சேர்த்து வாங்கிப் போயிருக்கிறாள்.

"நடக்கிறதுக்கு முன்னாடி ஆளாளுக்கு மைக்ல ரெண்டு வார்த்தை பேசணுமாம் அண்ணி," என்றாள் மனைவி.

மேனேஜரின் சிரிப்பு நின்றது. "நீ என்ன பேசுவே?"

"என்னை யார் காப்பாத்தினாங்கன்னு சொல்லலாம்னு இருக்கேன்."

அவ்வளவுதான். மேனேஜர் பீரோவைத் திறந்து இஸ்திரி போட்ட சட்டையைத் தேட ஆரம்பித்தார். "நானும் வர்றேன். தனியா விட்டா நடுரோட்டுல சுருண்டு விழுவே," என்றவர், கையோடு முதலாளிக்கும் கடை ஆட்களுக்கும் போன் போட்டு மைதானத்துக்கு வரச் சொன்னார்.

காரில் ஏறப்போன மனைவியை நிறுத்தினார். "ஷூவைத் தட்டிட்டு ஏறு. சீட் கவர் அழுக்காயிடப் போகுது." அவர் கடைத் தையல்காரரைக் கொண்டே பார்த்துப் பார்த்துத் தைத்த வெள்ளை உறை. அதன்மேல் அவர் வைத்திருந்த பாசத்தை வேறெதன்மேலும் வைத்து யாரும் பார்த்ததில்லை.

மைதானம் முழுக்க நாய்கள்.

"ஒண்ணுக்கு மூணு கால், ஒண்ணுக்கு ஒத்தைக் கண். நல்ல கூட்டத்துல வந்து சேர்ந்தே போ!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார் மேனேஜர். காது கிழிந்த ஒரு பழுப்பு நாய் ஓடிவந்து மனைவியின் காலில் சாய்ந்துகொண்டது.

"சீ! உன்னை இதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்," என்றாள் மனைவி. அவருக்கு எல்லா நாயும் ஒரே நாய்தான்.

அவள் முறை வந்தது. பழுப்பு நாயும் கூடவே வர, மைக்கைப் பிடித்தாள். முதல் வரிசையில் முதலாளிக்குப் பக்கத்தில் மேனேஜர் காலரைச் சரிசெய்துகொண்டார். கடை ஆட்கள் கைதட்டத் தயாராக இருந்தார்கள்.

"எனக்குப் பேச வராதுங்க. ஆனா என்னைக் காப்பாத்தினவங்களுக்கு இன்னிக்காவது நன்றி சொல்லணும்."

மேனேஜர் பாதி எழுந்தே விட்டார். ஆனால் மனைவியின் விரல் அவரைத் தாண்டி, மைதானத்தின் ஓரத்தில் கம்பிக் கூண்டுகளோடு நின்ற காப்பகத்தின் நாய் வண்டியைக் காட்டியது. பிறகு காலடியில் இருந்த பழுப்பு நாயின் தலைமேல் வந்து நின்றது.

"நான் வாசல்ல ரத்த வாந்தி எடுத்து விழுந்தப்ப, இதுதான் விடாம குலைச்சுது. சத்தம் தாங்காம எங்க வீட்டுக்காரர் அந்த வண்டியைக் கூப்பிட்டாரு, இதைப் பிடிச்சுக்கிட்டுப் போகச் சொல்லி. எனக்கு வாய் எழும்பலையே தவிர, காது நல்லாக் கேட்டுச்சு. 'கார்ல ஏத்தினா சீட் கவர் பாழாயிடும். நாயோட சேர்த்து இவளையும் ஏத்திக்கிட்டுப் போங்க'ன்னாரு."