படிக்கட்டு மூலை

புதிதாகக் கட்டிய நீச்சல் குளத்தில், தண்ணீர் எல்லா இடமும் சுற்றுகிறதா என்று பார்க்க விட்ட ஊதாச் சாயம் பரவுகிறது. சுவரில் பதித்த குழாய்கள் அதைப் புகைபோல ஊதித் தள்ளுகின்றன. கரையில் மண்டியிட்டிருக்கும் இன்ஜினியர், மூக்கு நுனியில் ஒட்டிய சாயம்கூடத் தெரியாமல், படிக்கட்டு மூலையையே பார்க்கிறாள். எந்தக் குளத்திலும் தண்ணீர் சுற்றாமல் தேங்குகிற இடம் அது. அங்கே இன்னொரு குழாய் வேண்டுமென்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது, "அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தவர் மேஸ்திரி. இப்போது அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடைசிப் படியின் அடியில் அவள் வைத்த குழாயிலிருந்து ஊதா நூலாகக் கிளம்பி, சுருண்டு, மூலை முழுவதையும் நிரப்புகிறது. ஓரிடம்கூட வெளுப்பாக இல்லை. "யாரோட யோசனை இது?" என்கிறார் வீட்டின் சொந்தக்காரர். மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். "எங்க இன்ஜினியரம்மாவோடதுங்க. வேற யாருக்கு வரும்?"