முந்தாநாள் சுறா

"ஏ பிள்ள, இத யாருட்ட வாங்குன?"

செல்வராணி ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு, எதிரே நின்ற ஹனீனை நிமிர்ந்து பார்த்தாள்.

ஹனீன் காயல்பட்டணத்துப் பெண். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் உணவு ஆராய்ச்சிக் கூடத்தில், மூன்று வருடமாக இந்தப் புட்டோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பாக்கெட்டில் அடைத்தால் ஆறு மாதம் கெடாது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டில் கிடைக்கும் சத்து எல்லாம் உண்டு. பதினொரு பேர் ருசி பார்த்து, 'அருமை' என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். பேராசிரியர் ஜெபசிங் மட்டும் மசியவில்லை.

"அவங்க எல்லாம் உன் முகத்துக்காகச் சொல்லுதாங்க. திரேஸ்புரத்துல செல்வராணின்னு ஒரு அம்மா, முப்பது வருசமா சுறா விக்காங்க. அந்த நாக்குக்கிட்ட உன் புட்டு ஜெயிச்சா இன்னைக்கே கையெழுத்துப் போடுதேன். தோத்தா, முதல்ல இருந்து ஆரம்பிச்சிரு" என்று சொல்லிவிட்டார்.

அந்த நாக்குதான் இப்போது எதிரே உட்கார்ந்திருந்தது. நீட்டிய படிவத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேரே தட்டை இழுத்துக்கொண்ட நாக்கு.

"ஏங்க்கா, நல்லா இல்லையா?"

"உப்பு சரி. பூண்டு சரி. மிளகு மட்டும் தூக்கலா போட்டிருக்க. எதுக்கு? மீனோட வண்டவாளத்த மறைக்கத்தானே? பால் சுறான்னா வாயில வச்சதும் பஞ்சு மாரி இருக்கணும் பிள்ள. இது நாரு நாரா வருது. கிழட்டுச் சுறா."

ஜெபசிங் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கிழடுன்னு எப்படிச் சொல்லுதீங்க?"

"சார், நீங்க காலேஜுல படிச்சீங்க. நான் கரையில படிச்சேன். எம் புருசன் வலையில வந்தத எல்லாம் ஆஞ்சு, புட்டு அவிச்ச கை இது. அவரு போயி ஏழு வருசம் ஆச்சு. அவரு கத்துக்குடுத்தது போவல. கண்ண மூடிட்டு ஒரு வாய் வச்சா, என்னைக்குப் புடிச்ச மீனுன்னு சொல்லிருவேன்."

"இது என்னைக்குப் புடிச்சது?"

செல்வராணி கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் எடுத்தாள். மெதுவாக மென்றாள். ஹனீன் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"முந்தாநாள். ஐஸுல கெடந்திருக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? மாதா மேல ஆணையா முந்தாநாள் சுறா."

ஹனீன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. செல்வராணிக்கு மனசு கேட்கவில்லை.

"ஏ பிள்ள, அழாத. உன்னச் சொல்லல. பச்சப்பிள்ளைய ஏமாத்துனாளே, அவளச் சொல்லுதேன். மார்க்கெட்டுல ஐஸ் மீன இன்னைக்கு மீனுன்னு விக்கவ ஒருத்திதான் உண்டு."

போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசை மேல் வைத்தாள்.

"ஏளா சீனித்தாயி, காலேஜுப் பிள்ள தலையில கிழட்டுச் சுறாவக் கட்டிருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"எந்தக் காலேஜு? எந்தப் பிள்ள? நான் சுறாவக் கண்ணால பாத்தே ஒரு வாரம் ஆச்சு. உனக்கே வரல, எனக்கே வரல. கரையில வேற யாருக்கு வந்துச்சு, சொல்லு பாப்போம்."

"பின்ன இந்தத் தட்டுல கெடக்கது வானத்துல இருந்தா விழுந்துச்சு?"

"உனக்கு நாக்கு செத்துப்போச்சு. போயி டாக்டர்ட்ட காட்டு."

"யாருக்குளா நாக்கு செத்துச்சு? அங்கனயே நில்லு. வாரேன்."

போனை அணைத்தாள். மதிப்பெண் அட்டையைத் தன் பக்கம் இழுத்து, ஒன்பதுக்கு மூன்று என்று போட்டாள். காரணம் எழுதும் கட்டத்தை ஹனீனிடம் காட்டினாள்.

"நான் சொல்லச் சொல்ல எழுது. 'கிழட்டுச் சுறா. முந்தாநாள் புடிச்சது. ஐஸ் மீன்.' ஒரு எழுத்து கூட்டாத, கொறைக்காத."

ஹனீன் எழுதினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் குண்டு குண்டாக எழுதினாள். ஜெபசிங் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

செல்வராணி வாயைப் பிளந்தாள்.

"மூணு மார்க்குக்கா சார் கையெழுத்து? இந்தக் காலேஜுல எல்லாரும் இப்படித்தான் பாஸாவுதாங்களா?"

"உங்களுக்கு ரொம்ப நன்றிம்மா" என்றார் ஜெபசிங், சிரிப்பை அடக்க மாட்டாமல்.

"நன்றிய நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு மார்க்கெட்டுல ஒரு சோலி இருக்கு."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பியவளின் கையை ஹனீன் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சீனித்தாய் அக்காவ விட்டிருங்க. பாவம், அவங்க சொன்னதுதான் நிசம்."

"உன்ன ஏமாத்துனவளுக்கு நீயே பரிஞ்சுக்கிட்டு வார?"

"கடல்ல சுறா கொறஞ்சுக்கிட்டே வருதேன்னுதான் நான் இந்த ஆராய்ச்சியையே எடுத்தேன்" என்றாள் ஹனீன். "நீங்க சாப்பிட்டது தென்காசிப் பக்கத்துப் பலாப்பிஞ்சு அக்கா, வாசனைக்குக் கொஞ்சம் கடல்பாசி, மத்தபடி மீன் ஒரு துளிகூட இல்ல."