ரெண்டு கையும் காலியா இருக்கணும்

"இது தானா நிக்குமா?"

"டார்ச் சார் இது. உக்காரு, நில்லுன்னு சொல்றதுக்கு நாய்க்குட்டியா?"

கேஷியர் அக்கா வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க.

அந்த எலக்ட்ரிக்கல் கடையில சேல்ஸ்மேன் அவன்; டேப் ரெக்கார்டர் மாதிரி எல்லாரையும் திருப்பிப் போட்டுக் காட்டறதால பேரு 'டேப்பு'. வயசு நாப்பதைத் தாண்டியாச்சு, வாலு மட்டும் குறையலை. எந்தக் கஸ்டமரா இருந்தாலும் சரி, படி இறங்கறதுக்குள்ள அவர் மாதிரியே நடந்து, பேசி, தும்மியும் காட்டிடுவான். முதலாளி இருமலை முதலாளியை விட நல்லா இருமுவான்.

இந்த மனுஷர் மூணாவது நாளா வர்றாரு. இருக்கற பதினாலு டார்ச்சையும் புரட்டிப் பார்த்தாச்சு. டேப்பு அவருக்கு 'இருட்டு சார்'னு பேரே வெச்சுட்டான்.

"ஒண்ணே ஒண்ணு போதுங்க. ஆனா அவசரத்துக்கு அதை மட்டுமே நம்பலாம்னு இருக்கணும். போன வாரம் கரண்ட் போயி வீட்டுல ரொம்பக் கஷ்டமாயிடுச்சு. இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாது."

"அப்ப கண்ணை மூடிக்கிட்டு இதை எடுங்க. அடிச்சீங்கன்னா எதிர் பில்டிங் மொட்டை மாடியில எந்தத் துணி காயலைன்னு சொல்லிடலாம்."

"அவ்வளவு தூரம் வேண்டாம். எதிர்ல இருக்கற முகம் தெரிஞ்சா போதும். வெளிச்சம் கண்ணைக் குத்தக் கூடாது, பரவணும். வெச்சா விழாம நிக்கணும். ரெண்டு கையும் காலியா இருக்கணும்."

"ரெண்டு கையையும் காலியா வெச்சுக்கிட்டு இருட்டுல என்ன சார் பண்ணப் போறீங்க? கொசு அடிக்கவா?"

அவர் லேசா சிரிச்சார். "உள்ள குடோன் இருட்டாத்தானே இருக்கும்? அங்க வெச்சு ஒரு தடவை பார்த்துடட்டுமா?"

"தாராளமா."

அவர் உள்ள போனார். டேப்புக்கு இருப்புக் கொள்ளலை. பின்னாடியே போய்க் கதவிடுக்குல எட்டிப் பார்த்தான்.

ஒரு அட்டைப்பெட்டி மேல டார்ச்சை நிக்க வெச்சிருந்தார். எதிர்ல ஒரு ஈ காக்கா இல்லை. இவர் பாட்டுக்குக் கையை ஆட்டிக்கிட்டு இருக்கார்! இடது கை நெஞ்சு மேல படபடன்னு துடிக்குது. வலது கை வந்து அதைத் துடைச்சுப் போடுது. அப்புறம் விரல் தன்னைக் காட்டுது. ரெண்டு உள்ளங்கையும் மெதுவா கீழே அமுங்குது. டார்ச்சை ஒரு சாண் தள்ளி வெச்சு, மறுபடியும் முதல்ல இருந்து அதே கூத்து.

டேப்பு விழுந்தடிச்சு ஓடி வந்தான். "அக்கா, உள்ள டிக்கெட் இல்லாம ஒரு ஷோ ஓடுது. இதைப் பாருங்க!"

செஞ்சு காட்டினான். துடிப்பு, துடைப்பு, விரல், உள்ளங்கை, புருவம் தூக்கினது வரைக்கும் ஒரு நூல் பிசகலை. கேஷியர் அக்காவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. வயர் வாங்க வந்த எலக்ட்ரீஷியன், "இன்னொரு தடவைண்ணே, இன்னொரு தடவை"ன்னார்.

ரெண்டாவது தடவை செஞ்சப்பதான் வாசல்ல ஒரு அம்மா வந்து நின்னாங்க.

பார்த்த கண்ணு பார்த்தபடி நின்னாங்க. அப்புறம் முகமெல்லாம் சிரிப்பா, வேகமா கவுன்ட்டர்கிட்ட வந்தாங்க. கையில இருந்த பையைக் கீழே போட்டுட்டு, ரெண்டு கையாலயும் மளமளன்னு என்னவோ செஞ்சாங்க.

'அட, நம்மளையே மிஞ்சிடுவாங்க போலிருக்கே'ன்னு டேப்பு நினைச்சான். ஒரு நொடிதான். அந்தம்மா வாய் அசையுது, சத்தம் வரலை.

கையை நிறுத்திட்டு அவன் முகத்தையே பார்த்தாங்க. பதிலுக்குக் காத்துக்கிட்டு.

ஊர்ல இருக்கற அத்தனை குரல்லயும் பேசறவன். அவனுக்குத் தன் கையை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியலை.

குடோன்ல இருந்து இருட்டு சார் வந்தார். மனைவியைப் பார்த்தார். நெஞ்சுகிட்டயே நின்னுபோன டேப்பு கையைப் பார்த்தார். இன்னும் முழுசா அடங்காத அக்காவோட சிரிப்பைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கலை.

"இவளுக்குக் காது கேக்காது. பேசவும் வராது. எங்க வீட்டுல கைதான் பேசும்"னார். "போன வாரம் இவளுக்குத் தாங்க முடியாத வயித்து வலி. ஆம்புலன்ஸுக்காக உக்காந்திருக்கோம், கரண்ட் போயிடுச்சு. ஒரு கையில டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு மறு கையால சொன்னா, பாதி வார்த்தைதான் வரும். நான் 'பயப்படாதே'ன்னு சொல்லியிருக்கேன், அவளுக்கு 'பயம்'னு மட்டும் தெரிஞ்சிருக்கு. நானே பயந்துட்டேன்னு நினைச்சு ரொம்பத் துடிச்சுப் போயிட்டா."

டேப்பு நெஞ்சுகிட்ட இருந்த கையைக் கீழே இறக்கினான். மூணு நாள்ல, எதுக்கு சார்னு ஒரு வார்த்தை ஒழுங்காக் கேட்டிருக்கலாம்.

"சார்... நான் செஞ்சது..."

"'பயப்படாதே, நான் இருக்கேன்.' அதைத்தான் செஞ்சீங்க. சுத்தமா இருந்துது."

"மன்னிச்சுடுங்க சார். நான் சும்மா கிண்டலுக்கு..."

"தெரியும்."

அந்தம்மா அவர் முழங்கையைத் தட்டி, டேப்பைக் காட்டி என்னவோ கேட்டாங்க.

"என்ன சார் கேக்கறாங்க?"

"உங்க வீட்டுல யாருக்குக் காது கேக்காதுன்னு கேக்கறா. இல்லேன்னா இவ்வளவு அழகா வராதாம்."

டேப்பு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவர் டார்ச்சைக் கவுன்ட்டர் மேல வெச்சுட்டு, ரெண்டு கையாலயும் மனைவிக்கு நிதானமா பதில் சொன்னார். அந்தம்மா முகம் மலர்ந்து போச்சு. டேப்பைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு.

"என்ன சார் சொன்னீங்க?"

"நான்தான் கத்துக் குடுத்தேன்னு. மூணு நாளா இங்க வந்துட்டுப் போனது அதுக்குத்தான்னு."