போன தடம், வந்த தடம்

காவிரி மணலில், அப்பனின் அஸ்திக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு மாதப்பன் வெயில் சாயும்வரை காத்திருந்தான்.

அண்ணன் வரவில்லை.

விடிகாலையில் பெண்ணாகரத்துக் காட்டுக்குள் இறங்கியவன். மூங்கில் புதரும் யானைத் தடமுமாக ஏறி இறங்கி, ஒகேனக்கல்லுக்குக் கீழே இந்த மணல்திட்டை அடைவதற்குள் கால் கெஞ்சியது. அவன் ஊரார் அஸ்தி கரைக்கிற துறை இதுதான்.

அண்ணன் தீர்த்தன் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போய் வெகுகாலம் ஆகிறது. பிழைக்கப் போனான் என்பது ஊருக்குச் சொல்வது. பாகம் பிரித்த அன்று, அப்பன் செத்தாலும் இந்தப் பக்கம் வராதே என்று மாதப்பன் ஒரு சொல் சொன்னான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அண்ணன் அன்றைக்கே கிளம்பிவிட்டான்.

சாகும்போது அப்பன் கேட்டது ஒன்றுதான். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கரையுங்கள்.

கோலார் பக்கம் போகிற வளையல் வியாபாரி முனாப்பிடம் மாதப்பன் நாளையும் துறையையும் சொல்லியனுப்பினான். மன்னிப்பை மட்டும் சொல்லியனுப்பவில்லை. அதை இந்த மணலில், காலைத் தொட்டுக் கேட்க வேண்டும் என்று இருந்தான்.

பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டுகிற யுத்தகாலத்து பஸ்ஸை நம்ப முடியாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். யானைகள் தண்ணீருக்கு வருகிற நேரம் நெருங்கியது. தனியாளாக ஆற்றில் இறங்கிக் கரைத்தான்.

போன தடத்தில் திரும்பக்கூடாது என்பது ஊர்க்கட்டு. காட்டைச் சுற்றிக்கொண்டு வேறு தடத்தில்தான் வீடு சேரவேண்டும். கரைத்தவன் திரும்பிப் பார்க்கவும் கூடாது, கூப்பிட்டால் ஏனென்று கேட்கவும் கூடாது. மீறினால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். அப்புறம் அவருக்குப் போக்கிடமில்லை.

மணலைத் தாண்டி மேட்டில் கால் வைத்திருப்பான், பின்னாலிருந்து குரல் வந்தது.

"டேய் மாது, நில்லுடா."

அப்பனின் குரல். அந்தக் கரகரப்பும், பெயரை இழுக்கிற இழுப்பும் வேறு யாருக்கு வரும்?

முதுகு சில்லிட்டது. ஆனால் பயத்தைவிட ஆசைதான் அதிகம். ஒரே ஒரு தரம் திரும்பி, அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் என்ன?

மனதைக் கல்லாக்கிக்கொண்டான். உயிரோடு இருக்கும்போதுதான் ஒரு பிள்ளையைப் பிரித்து வைத்தாயிற்று. போகிறபோதாவது மனிதர் நிம்மதியாகப் போகட்டும்.

குரல் மறுபடி கூப்பிட்டது. இந்தத் தரம் கெஞ்சுவதுபோல இருந்தது. மாதப்பன் காதைப் பொத்திக்கொண்டு நடையை எட்டிப் போட்டான். அழுதுகொண்டே நடந்தான். அப்புறம் குரல் வரவில்லை.

ஊர் அடங்குகிற நேரத்துக்கு வீடு வந்தான். மனைவி பாஞ்சாலி வாசலிலேயே நிறுத்தித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் எங்கங்க? நடுவழியில பஸ்ஸு நின்னுபோச்சாம். உச்சிப் பொழுதுக்கு வந்தாரு, நீங்க போன தடத்துலயே ஓட்டமா ஓடுனாரு. வாசல்ல நின்னு என்னெக் கூப்பிட்டப்ப எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு. வயசாக ஆக, அப்படியே மாமா குரலா ஆயிருக்குதுங்க."

மாதப்பன் தலை துவட்டக்கூட நிற்காமல், பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடினான்.

மணலில் யாருமில்லை. பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் குந்தியிருந்த பரிசல்காரர்தான் சொன்னார். வந்தவர் வெகுநேரம் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு அக்கரைக்கு விடச் சொன்னாராம். பரிசலில் ஒரு வார்த்தைதான் பேசினாராம், தம்பிக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று.