அகவத் தெரியாத மயில்

ஆற்றங்கரையில் பூவாயி என்றொரு கரடி தேன் விற்றுவந்தது. வாங்குகிறவர்கள் அக்கரையிலிருந்தே தங்கள் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். பூவாயி தேன்குடுக்கையைக் கொக்கிடம் கொடுத்தனுப்பும்; கொக்கு அதை அக்கரையில் வைத்துவிட்டுத் திரும்பிவிடும். அதற்கான பழங்களை, எல்லோருடைய பழங்களையும் பாதுகாத்துவந்த யானை, அந்தப் பெயரில் சேர்த்துவைத்திருப்பதிலிருந்து எடுத்துப் பூவாயிக்குக் கொடுக்கும்.

ஒருநாள் மயில் யானையிடம் வந்து, "நான் தேனே கேட்கலையே! என் பழத்தை எப்படிக் கொடுத்தீங்க?" என்று சண்டை போட்டது. யாரோ மயிலின் பெயரைச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். யானை பூவாயியிடமிருந்து பழங்களைத் திருப்பி வாங்கிவிட்டது. தேனும் போய், பழமும் போய், பூவாயி அன்று பட்டினி கிடந்தது.

சில நாள் கழித்து அக்கரைப் புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"மயில் பேசறேன். இருக்கிற தேன் மொத்தத்தையும் அனுப்பு!"

இவ்வளவு பெரிய வியாபாரமா என்று பூவாயிக்கு ஆசை பொங்கியது. அதை அடக்கிக்கொண்டு, "அனுப்பறேன் அண்ணே. ஒரே ஒருதடவை அகவிக் காட்டுங்க" என்றது.

"தொண்டை சரியில்லை."

"சரியானதும் கேளுங்க. தேன் எங்கேயும் போகாது."

"அவசரம்மா!"

"எனக்கு அவசரமில்லை அண்ணே."

வேறு வழியில்லாமல் அந்தக் குரல் அகவிப் பார்த்தது. வந்ததோ அசல் நரி ஊளை! இரு கரையிலும் சிரிப்பு வெடித்தது. நரி புதரைக் கிழித்துக்கொண்டு ஓட, நிஜ மயில் அதைக் கொத்திக் கொத்தி விரட்டியது.

"இனிமே சொந்தக் குரல் கொடுத்தாத்தான் தேன்!" என்று பூவாயி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது.

"அப்படியே ஆகட்டும்" என்ற யானை, தனக்கும் ஒரு குடுக்கை வேண்டுமென்று காடே அதிரப் பிளிறியது.