தோளில் மூன்று பட்டை

“நாடியைக் கொஞ்சம் தூக்குங்க ஆபீசர்!” என்று கறுப்புத் துணிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார் படக்காரர் ஹனீபா. பினாங்கு ரோட்டில் ஸ்டூடியோ திறந்த நாளிலிருந்து ஒரு தமிழ் ஆபீசரை அவர் படம் பிடித்ததே இல்லை.

அர்ஜுனன் நாடியைத் தூக்கினான். காக்கிச் சட்டையின் கஞ்சி விறைப்பு கழுத்தை அறுத்தது.

“தோள்ல ரெண்டு தடிப் பட்டை, நடுவுல ஒரு மெல்லிசுப் பட்டை. இதுக்கு என்ன தம்பி அர்த்தம்?”

“ஸ்குவாட்ரன் லீடர்ண்ணே. ஒரு கூட்டம் பிளேனுக்கே தலைவர். இவர் கை காட்டினாத்தான் எல்லாம் மேல கெளம்பும்.”

“இவரா? எவரு?”

“நான்தான்லா!” என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பாயான் லெப்பாஸ் விமானத் திடலில் பெட்ரோல் டின் சுமக்கிறவன் அவன். சுங்கை பாக்காப்பில் பெண் பார்க்கப் போன இடத்தில், புஷ்பவள்ளியின் அப்பா வேலையைப் பற்றிக் கேட்டதும் ‘ஆபீசர்’ என்று அளந்துவிட்டான். மனுஷன் லேசுப்பட்டவரா? உடுப்போடு ஒரு போட்டோ வரட்டும், அப்புறம் தேதி குறிக்கலாம் என்றுவிட்டார்.

சிங்கப்பூரிலிருந்து வந்து தங்கியிருந்த வெள்ளைக்கார விமானப் படையின் துணியெல்லாம் டோபி வேலுவிடம்தான் வெளுப்புக்கு வந்தது. அர்ஜுனன் தயங்கித் தயங்கிக் கேட்டதும் வேலு சிரித்தான். “இதுக்கு ஏன்டா கூனிக் குறுகுற? நீ ஒருத்தன்தானா எங்கிட்ட எரவல் கேக்குற? அழுக்குப் படாம கொண்டாந்துடு, போ.”

ஆனாலும் அர்ஜுனனுக்கு உடம்பு கூசியது. இந்தச் சட்டைக்குச் சொந்தக்காரரை அவன் பார்த்திருக்கிறான். போன மழையில் ஒரு விமானம் திரும்பத் தாமதமானபோது, எல்லோரும் சாப்பிடப் போய்விட, அவர் மட்டும் நனைந்துகொண்டே வானத்தைப் பார்த்து நின்றார். சின்னப் பையன் ஓட்டிய அந்த விமானம் தரையைத் தொட்ட பிறகுதான் தொப்பியைக் கழற்றினார். அந்த மனுஷனின் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெண்ணைப் பெற்றவரை ஏமாற்ற நிற்கிறோமே என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

வாசலில் பூட்ஸ் சத்தம்.

தெருவை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஒரு வெள்ளைக்காரன் உள்ளே வந்தான். அதே காக்கிச் சட்டை, தோளில் ஒற்றைப் பட்டை. ஃபிளையிங் ஆபீசர்!

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான் அர்ஜுனன். வேலை போச்சு, கல்யாணம் போச்சு, இனி ஜெயில்தான்.

வந்தவன் கண் முதலில் அர்ஜுனனின் தோளில்தான் விழுந்தது. உடனே விறைத்து நின்று சல்யூட் வைத்தான். தூக்கிய கையில் சட்டைக் கை தொளதொளவென்று விரல் வரைக்கும் மூடியிருந்தது. அதற்குப் பிறகுதான் அர்ஜுனனின் முகத்தைப் பார்த்தான்.

அந்த சல்யூட்டை அர்ஜுனனால் தாங்க முடியவில்லை. ஹனீபா பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல், மலாயில் கொட்டிவிட்டான்.

“மன்னிச்சிடுங்க துவான்! நான் ஆபீசர் இல்ல. பெட்ரோல் சுமக்குற கூலி. ஒரு பொண்ணுக்காகப் பொய் சொல்லிட்டேன். சட்டை என்னோடது இல்ல.”

ஹனீபா வாயைப் பிளந்தார். அர்ஜுனன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தான்.

அடி விழவில்லை. வெள்ளைக்காரன் போய்க் கதவைச் சாத்திவிட்டு, காது மடல் சிவக்கப் பக்கத்தில் வந்தான். அவன் மேலும் அதே கஞ்சி வாசம்.

அரைகுறை மலாயில் கிசுகிசுத்தான்:

“டோபி வேலு… உனக்குமா?”