வேப்பங்கட்டைக்குப் பொட்டு

"அக்கா, நான் தொட மாட்டேன். ஆளை விடுங்க."

ஜேசிபியை அணைத்துவிட்டு ரவி கீழே குதித்தான். கிறிஸ்டினா வாசலுக்கு ஓடி வந்தாள்.

வாசல் கேட்டை ஒட்டி நின்ற வேப்பங்கட்டை முழுக்க மஞ்சள். நடுவில் பெரிதாக ஒரு சிவப்புப் பொட்டு. நேற்று சாயங்காலம் வரை அது புயலில் விழுந்த மரத்தின் வெறும் அடிக்கட்டை. விடிவதற்குள் அம்மனாகிவிட்டது.

"ரவி, இது எங்க வீட்டுக் கட்டைப்பா. யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க."

"இருக்கலாம்க்கா. நானும் புள்ளகுட்டிக்காரன். பொட்டு வெச்சதை எப்படிப் பேர்க்கறது?"

பால் வாங்கப் போன இரண்டு பேர் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இன்னும் ஒரு வாரம் போனால் தகரக் கூரை போட்டுவிடுவார்கள். ஆடி மாதம் கூழே ஊற்றிவிடுவார்கள். அப்புறம் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் அதில் கை வைக்க முடியுமா? கணவன் டேனியல் வேறு ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தான்.

அவளுக்குக் கட்டை மேல் என்ன பகையா? போன மாதம் மாமனார் லாசரஸுக்கு நெஞ்சு வலி வந்தபோது, கட்டை இடித்து ஸ்ட்ரெச்சர் உள்ளே நுழையவில்லை. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 'இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா...' என்று டாக்டர் இழுத்தது இன்னமும் அவள் காதில் கேட்கிறது.

இது யார் வேலை என்று யோசிக்கவே வேண்டாம். பூக்காரி கன்னியம்மாதான். காலையில் கூடையோடு வந்தால் மதியம் வரை அந்தக் கட்டை மேல்தான் உட்கார்ந்திருப்பாள்.

நேற்றுகூட மாமா கேட்டாரே, "கட்டையை எடுத்துட்டா அந்தம்மா எங்கம்மா உட்காரும்?" என்று.

"உங்க உயிர் பெருசா, அவ உட்கார்ற இடம் பெருசா மாமா?" என்று அவர் வாயை அடைத்திருந்தாள். அது கன்னியம்மா காதில் விழுந்திருக்கும்.

கூடையோடு கன்னியம்மா தெருமுனையில் திரும்பியதுமே கிறிஸ்டினா பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு உட்கார இடம் வேணும்னா, அதுக்குச் சாமியையா இழுக்கிறது?"

கன்னியம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"நானா? இன்னாம்மா பேசுற? உக்கார்ற எடத்துல எவளாச்சும் சாமிய வெப்பாளா? அப்பால நான் எது மேல உக்கார்றது?"

கிறிஸ்டினா கட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

கன்னியம்மா குனிந்து பொட்டைத் தொட்டாள். முகர்ந்தாள். அடுக்கடுக்காகத் தும்மினாள்.

"இது குங்குமமே இல்லம்மா. மொளகாத்தூளு!"

ரவி சிரித்துவிட்டான்.

கன்னியம்மாவே வாசல் குழாயில் பக்கெட்டைப் பிடித்து, கட்டையைத் தேய்த்துக் கழுவினாள்.

"தம்பி, நீ வண்டிய எடு. பெரியவருக்கு ஒண்ணுன்னா ஆளுங்க உள்ள வரணும்ல? நான் எங்கனாச்சும் உக்காந்துக்கறேன்."

கிறிஸ்டினாவுக்கு அவமானமாக இருந்தது. "மன்னிச்சிடுங்க கன்னியம்மா. எங்கேயும் போக வேணாம். கேட்டுக்கு உள்ள, நம்ம படிக்கட்டுல உட்காருங்க. டீ கொண்டு வரேன்."

சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பா மூடாமல் கிடந்தது.

கிறிஸ்டினா மெதுவாகக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். எதிர் வீட்டு ஆயுத பூஜைப் பொரியைக்கூடக் கையால் தொடாத சபை மூப்பர் லாசரஸ், வேதாகமத்தை விரித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். வசனத்தின் மேல் ஊர்ந்த விரலில் நகம் வரை மஞ்சள்.

"மாமா..."

அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

"சபையில மட்டும் சொல்லிடாதம்மா."